கட்டடம் கேட்காத கிணறு

அந்தக் காலத்தில் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. என் கணவரின் அண்ணன் என் களத்தில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, "அம்மிணி, தண்ணி குடு" என்று கேட்க வேண்டும். கேட்டால் கொடுப்பேனா, மாட்டேனா என்றுகூட நான் முடிவு செய்து வைத்திருக்கவில்லை. முதலில் வாயைத் திறந்து கேட்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். பகலில் மாடு கட்டும்போதும் அடுப்பு ஊதும்போதும் அவர் வந்து கேட்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பேன். சாமி கும்பிடும்போதும் அதையேதான் வேண்டினேன். சாமிக்கே சலித்துப்போயிருக்கும்.

புதுச்சத்திரத்திலிருந்து வண்டித் தடத்தில் கிழக்கே போனால் எங்கள் ஊர். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சந்தைக்குப் போய் வருகிறவர்கள் அணையைப் பற்றிக் கதை கதையாய்ச் சொல்வார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது என்பது கேட்கிறவர்களுக்கும் தெரியும், சொல்கிறவர்களுக்கும் தெரியும். எங்களுக்கு ஆறு கிடையாது. ஏரி பேருக்கு ஒன்று உண்டு. கிணறு இருந்தால் அந்த நிலம் தோட்டம், இல்லாவிட்டால் காடு. தோட்டக்காரன் வீட்டுக்குப் பெண் கொடுக்க நான் நீ என்று வருவார்கள். காட்டுக்காரன் பெண் தேடி ஊர் ஊராக அலைவான்.

என் கணவர் காய்ச்சலில் போனபோது பையன் தவழ்ந்துகொண்டிருந்தான். வருஷத் திதி முடிந்த கையோடு மூத்தவர் பாகம் பிரிக்கும் பேச்சை எடுத்தார். அவரை மூத்தவர் என்றே எழுதுகிறேன். பேர் சொல்லும் வழக்கமும் இல்லை, சொல்ல எனக்கு ஆசையும் இல்லை.

பாகம் பிரிப்பதில் எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. அண்ணன் பங்கு பிரிக்க வேண்டும், தம்பி முதலில் எடுக்க வேண்டும். எந்தப் பங்கு தனக்கு வரும் என்று தெரியாததால் பிரிக்கிறவன் ஓரவஞ்சனை செய்ய முடியாது. இதைவிட நல்ல முறையை எந்தக் கோர்ட்டும் கண்டுபிடிக்காது. என் கணவர் இல்லை, மகன் பச்சைக் குழந்தை, எனவே எடுக்க வேண்டியவள் நான். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கணவனின் அண்ணனுக்கு முன்னால் நாங்கள் வரக்கூடாது, அவரிடம் நேரே பேசக்கூடாது. அவரும் தம்பி பெண்டாட்டியிடம் பேச மாட்டார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாலியறுத்த கையில பங்கெடுத்தா குடும்பம் வெளங்குமுங்களா? பையனோ பச்சப்புள்ளை. பிரிக்கறதையும் எடுக்கறதையும் நானே பாத்துக்கறனுங்க" என்றார்.

பெரியவர்களின் தலைகள் பூம்பூம் மாட்டுத் தலை மாதிரி ஆடின. ஒருவராவது, "இதென்னப்பா, நீயே வெட்டி நீயே எடுக்கறதா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. இந்த மனுஷனை ஒரு நாள் என் வாசலில் நிற்க வைக்கிறேன் என்ற நினைப்புதான் வந்தது.

கிணற்றோடு இருந்த கீழ்த்தோட்டத்தை அவர் எடுத்துக்கொண்டார். மேல்காடு எனக்கு. ஏக்கர் கணக்கில் என்னுடையது பெரிது. அதைச் சொல்லியே ஊர் வாயை அடைத்தார். வேண்டுமானால் கிணறு வெட்டிக்கொள்ளட்டும், அவள் காட்டில் அவள் எங்கே வெட்டினாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன் என்று தாராளமாக வேறு சொன்னார். சபையில் சிரிப்பு எழுந்தது. மேல்காட்டில் கிணறு வெட்டுகிறவனைப் பைத்தியம் என்பார்கள்.

கீழ்த்தோட்டத்துக் கிணற்றைப் பற்றி அந்த வீட்டு ஆண்களுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மேலே ஓர் ஆள் உயரத்துக்குத்தான் மண். அதற்குக் கீழே அடிவரைக்கும் ஒரே கரும்பாறை. சுற்றிலும் கல் அடுக்கிச் சுவர் கட்ட வேண்டியதில்லை, சரியாது, உதிராது. ஒறம்பறை, விருந்தாளி என்று யார் வந்தாலும் சாப்பாட்டுக்கு முன்னால் கிணற்றைக் காட்டிவிடுவார்கள். "கட்டடம் கேக்காத கெணறுங்க" என்று மூத்தவர் விரலை மடக்கிப் பாறையைத் தட்டுவார். கிண்ணென்று கேட்கும். வந்தவர்களும் தட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். எங்கள் சீமை ஆண்கள் எல்லோருக்கும் இந்தப் புத்திதான். கிணறு என்றால் சுவர் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். சுவர் நிற்கும், வாஸ்தவம். சுவரைக் குடிக்க முடியுமா?

கல்யாணமான புதிதில் ஒரு கோடையில் அந்தக் கிணற்றைத் தூர் வாரினார்கள். வீட்டுப் பெண்களும் இறங்கிச் சேற்றுக் கூடையைக் கைமாற்றினோம். அடியில் நின்றபோது நான் சுற்றிலும் பார்த்தேன். கரும்பாறையில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது, வெயிலில் நின்ற எருமை முதுகு மாதிரி காய்ந்து கிடந்தது. கிழக்குப் பக்கம் மட்டும் பாறை கீறியிருந்தது. அந்தக் கீறலில் கையகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, வெங்கச்சாங்கல். கூழாங்கல் மாதிரி வெள்ளையாய், உடைத்தால் கண்ணாடி மாதிரி விளிம்பு வைக்குமே, அந்தக் கல். அதன் ஓரமாகத்தான் தண்ணீர் கொசகொசவென்று வந்துகொண்டிருந்தது. அத்தனை பெரிய கிணற்றுக்கு அது ஒன்றுதான் ஊற்று. அந்த வீட்டு ஆண்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள், கிழக்கு ஊத்து என்று பேர்கூட வைத்திருந்தார்கள். கிழக்கே என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. கிழக்கே இருப்பது மேல்காடு, மேடாக இருப்பதால் அந்தப் பேர்.

பாகம் பிரித்து வந்து தனி அடுப்பு வைத்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. மேல்காட்டை உழுதால் ஏர்க்கொழுவில் சொத்தைப்பாறை சிக்கும். பேருக்குத்தான் பாறை, கையில் வைத்து நசுக்கினால் பொலபொலவென்று உதிரும். உள்ளே காக்காப்பொன் மினுக்கும், வெள்ளைப் பொடி ஒட்டும், பல் பல்லாய் வெங்கச்சாங்கல் கிடக்கும். பித்தளைப் பாத்திரம் துலக்க அதைத்தான் எடுத்து வருவேன். ஒரு நாள் துலக்கிவிட்டு, மிச்சக் கட்டியைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டேன். குபுகுபுவென்று குமிழ் விட்டுக்கொண்டு குடித்தது. சட்டியில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிய இறங்கியது. கீழ்த்தோட்டத்துக் கரும்பாறைச் சில்லு ஒன்று வேலியோரம் கிடந்தது, அதையும் கொண்டுவந்து போட்டேன். ஊறப்போட்ட அம்மிக்கல் மாதிரி அது பாட்டுக்குக் கிடந்தது. எடுத்து முந்தானையில் துடைத்தேன், மறு நிமிஷம் காய்ந்துவிட்டது.

பெய்கிற மழையையெல்லாம் குடித்து வைத்திருப்பது என் காடு. வெள்ளைக் கோட்டின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அது கீழே கசிகிறது. பானையை என்னிடம் தள்ளிவிட்டு ஓட்டையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் மனுஷன்! அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். கணவர் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பிறந்த வீட்டு நகையை விற்றுக் கிணறு வெட்டும் ஆட்களைக் கூட்டி வந்தேன். அவர்களின் மேஸ்திரி நல்ல மனிதர், ஆனால் அவரும் இந்தச் சீமை ஆண்தானே. "அம்மிணி, இது உதிர்ற காடு. கெணறு நிக்காதுங்க" என்றார். நின்றால் நிற்கட்டும், சரிந்தால் கட்டிக்கொள்ளலாம், வெட்டுங்கள் என்றேன். வீட்டுக்குப் பக்கமாக, இறைப்பதற்கு வசதியாக ஓர் இடம் காட்டினேன். அங்கேதான் சறுக்கினேன்.

மேலே உதிரிக் கல். கீழே போகப் போகக் களி. வெள்ளைக்களி, வெண்ணெய் மாதிரி மண்வெட்டியில் ஒட்டியது. ஈரம் இருந்தது, எடுத்துப் பிழிந்தால் கை நனைந்தது, ஆனால் குழியில் தண்ணீர் ஊறவே இல்லை. விடிந்து பார்த்தால் அடியில் ஒரு செம்பு தண்ணீர் நிற்கும். மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு வெற்றிலையை மென்றார்.

மூத்தவர் சந்தையில் வைத்துச் சொன்ன வார்த்தை என் காதுக்கு வந்தது. "எந்தம்பி பொண்டாட்டி சுண்ணாம்புச் சட்டி வெட்டியிருக்கறாளாமா. ஊட்டுக்கு வெள்ளையடிக்கறவங்க போயி வாங்கிக்கலாமுங்க." சந்தையே சிரித்ததாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் நகையும் போய், மானமும் போய், அந்த மனுஷனுக்கு ஒரு சிரிப்பும் கிடைத்திருக்கிறது. இதற்குப் பதில் கொடுக்காமல் செத்தால் என் கட்டை வேகாது என்று நினைத்தேன்.

களியை ஒரு கூடை, காட்டின் மேட்டிலிருந்து உதிரிக் கல்லை ஒரு கூடை கொண்டுவந்து வாசலில் கொட்டி, கிளறிக் கிளறிப் பார்த்தேன். சொத்தைப்பாறை எல்லாம் ஒன்று இல்லை. அதில் சதை நிறத்தில் ஒரு கல் கலந்திருக்கிறது. மக்கினால் அதுதான் வெள்ளைக்களி ஆகிறது. அது அதிகமாக இருக்கும் இடத்தில் பாறை மக்கி மாவாகிவிடுகிறது. மாவு தண்ணீரைக் குடிக்கும், திருப்பிக் கொடுக்காது. எங்கள் மூத்தவரைப் போல. வெங்கச்சாங்கல் மட்டும் எத்தனை வருஷமானாலும் மக்குவதில்லை. அது பருமணலாக நிற்கிறது, இடுக்கில் தண்ணீரை விட்டுக்கொடுக்கிறது. அப்படியானால் நான் வெட்ட வேண்டியது வெங்கச்சாங்கல் நிறைந்த இடம். அது எங்கே என்று தேட வேண்டியதே இல்லை. மேற்கு வேலியிலிருந்து காட்டின் குறுக்கே அந்தக் கல் வரிசையாகப் பூத்துக் கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அதே வரிசை நேரே கீழ்த்தோட்டத்துக் கிணற்றில் போய் இறங்குகிறது.

மேஸ்திரியை வேலியோரமாகக் கூட்டிப் போய் நிறுத்தினேன். அவர் வரிசையைப் பார்த்தார், வேலிக்கு அப்பால் தெரிந்த கிணற்று மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்க வெட்டுனா அவங்க கெணறு போயிருமுங்களே" என்றார்.

"அதுக்குத்தானுங்க இங்க வெட்டச் சொல்றேன்" என்றேன்.

பொய் சொல்ல எனக்கு என்ன அவசியம்? காட்டின் நடுவில் அதே வரிசையில் வெட்டியிருந்தாலும் எனக்குத் தண்ணீர் கிடைத்திருக்கும். நான் தண்ணீருக்காக மட்டும் வெட்டவில்லை.

கடப்பாரை விழுந்த மூன்றாம் நாளே மூத்தவர் ஊரைக் கூட்டிவிட்டார். அதே பெரியவர்கள், அதே கதவு. நான் பின்னால் நின்றேன். ஆனால் இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு நிற்கவில்லை. அவரிடம் நேரே பேசக்கூடாது அல்லவா, கட்டியிருந்த கன்றுக்குட்டியைப் பார்த்துப் பேசினேன்.

"ஏ கன்னுக்குட்டி, எங்காட்டுல நான் எங்க வெட்டுனாலும் ஏன்னு கேக்க மாட்டேன்னு இதே சபையில சொன்னாங்களா இல்லியா?"

கன்றுக்குட்டி காதை ஆட்டியது.

"நெலத்தைப் பிரிச்ச அன்னிக்கி ஊத்தையும் பிரிச்சாங்களா? பிரிச்சிருந்தாச் சொல்லச் சொல்லு, இப்பவே குழியை மூடிப்போடறேன்."

ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அந்தப் புள்ளை கேக்கறதுல ஞாயம் இருக்குதப்பா. பிரிச்சதும் நீ, எடுத்ததும் நீ" என்றார். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் வாயில் வந்திருக்க வேண்டிய வார்த்தை. இப்போதாவது வந்ததே. மூத்தவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீர் வந்தது. வந்தது என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன், அந்தக் காட்சி அப்படிப்பட்டதல்ல. பருமணலும் வெங்கச்சாங்கல்லுமாக இருந்த சுவரில் நாலு பக்கமும் கண் திறந்தது. சாமான்களை எடுக்கக்கூட நேரமில்லாமல் ஆட்கள் மேலே ஏறினார்கள். மேஸ்திரி ஈரத் துணியோடு நின்று கும்பிட்டார். நான் முதலில் தண்ணீரைப் பார்க்கவில்லை. வேலிக்கு அப்பால், கீழ்த்தோட்டத்தில் மாடு பூட்டி இறைத்துக்கொண்டிருந்த ஆளைத்தான் பார்த்தேன். இறைக்கும்போது பாடும் பாட்டை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கோடையில் கிழக்கு ஊற்று நின்றது. மூத்தவர் விடவில்லை, ஆழப்படுத்தினார். கரும்பாறையில் வேட்டு வைத்தார்கள். ஊரே அதிரும், கல் பறக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் புகையும் தூசும்தான். உடைத்த இடமெல்லாம் அதே கிண்ணென்ற பாறை. விரிசல் இல்லாத பாறையில் தண்ணீர் எங்கே இருந்து வரும்? வேட்டு வைத்தவர்களும் என் கிணற்றை வெட்டிய அதே ஆட்கள்தான். உடைத்த கல் அவர்களுக்குச் சேரும் என்பது பேச்சு. அதை அவர்கள் வண்டி வண்டியாக எனக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். உதிர்கிற என் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் வேண்டுமே, அந்தக் கல்லை அடுக்கித்தான் கட்டினோம். வேலைக்கு அருமையான கல், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு மழை குறைந்த வருஷங்கள் வந்தன. என் மேல்காட்டில் மிளகாயும் ராகியும் நின்றன. கீழ்த்தோட்டம் காடாகிவிட்டது. மூத்தவர் வண்டியில் பீப்பாய் ஏற்றி, இரண்டு ஊர் தள்ளிப் போய்க் குடிதண்ணீர் கொண்டுவந்தார். தடம் என் களத்தை ஒட்டித்தான் போகிறது. தினமும் வண்டிச் சத்தம் கேட்கும். நான் வேண்டுமென்றே அந்த நேரத்தில் களத்துக்கு வந்து நிற்பேன். இன்றைக்கு நிறுத்துவார், இன்றைக்கு இறங்குவார் என்று பார்ப்பேன். அவர் மாட்டின் கொம்பைப் பார்த்தபடியே போவார். பாதி பீப்பாய் வழியிலேயே சிந்தியிருக்கும்.

என் ஓரகத்தி, அவர் மனைவி, ஒரு நாள் குடத்தோடு பின்பக்கமாக வந்தாள். "சாமி, ஒரு கொடம் மட்டும் எடுத்துக்கறேன். அவருக்குத் தெரிஞ்சாக் கொன்னே போடுவாரு" என்றாள். அவள் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. "எத்தனை வேணுமோ எடுத்துக்கங்கக்கா. தோட்டத்துக்கும் விடறேன். ஆனா அதை அவரே வந்து கேக்கட்டும்" என்றேன். அவள் போய்ச் சொன்னாளோ என்னவோ, மறுநாள் அந்தக் குடத்துத் தண்ணீரை அவர் தடத்தில் கவிழ்த்துக் கொட்டியிருந்தார். ஈரம் காய்வதற்குள் நான் அதைப் பார்த்தேன். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் கொஞ்சம் மரியாதை கலந்ததும் அன்றைக்குத்தான். அதனால் கோபம் குறையவில்லை, கூடியது.

ஊரில் யுத்தத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் அவர் படுத்துவிட்டார். பிழைக்க மாட்டார் என்று தெரிந்ததும் ஓரகத்தி ஆள் அனுப்பினாள். போகிற உயிருக்குப் பங்காளி வீட்டார் வந்து வாயில் தண்ணீர் விட வேண்டும், அது முறை. நான் என் கிணற்றிலிருந்து ஒரு செம்பு மொண்டுகொண்டு போனேன். போகும்போது என் மனதில் இரக்கம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். அவர் கேட்கும் நாள் வந்துவிட்டது என்றுதான் நடந்தேன்.

கட்டிலில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது, நாக்கை வெளியே நீட்டி நீட்டி உள்ளே இழுத்தார். சாகக் கிடக்கிறவரிடம் முறை பார்க்கிறது இல்லை, நான் நேரே போய் முகத்துக்கு முன்னால் நின்றேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் கண்ணுக்குக் கண் பார்த்தது அப்போதுதான். செம்பைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கேளுங்க" என்றேன்.

வாய் அசைந்தது. நான் குனிந்தேன்.

"மேக்காட்டை நான் எடுத்திருக்கோணும்" என்றார்.

எனக்குச் செய்ததற்காக ஒரு வார்த்தை இல்லை. தம்பி மகனை ஏய்த்ததற்காக இல்லை. ஏய்க்கும்போது தப்பான பங்கை எடுத்துவிட்டோமே என்பதுதான் சாகும்போதும் அந்த மனுஷனுக்கு வருத்தம்.

ஓரகத்தி, "ஒரு மொடக்கு ஊத்து சாமி, ஒரு மொடக்கு" என்று அழுதாள். நான் நிமிர்ந்து, செம்பு தளும்பாமல் திரும்பி நடந்து, வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் செய்தது பாவம் என்று சொந்தத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர் சொன்னதைக் காதால் கேட்டவள் நான் ஒருத்திதான்.